காற்றுக்கும் கட்டணம் போடும் கூரியர்

டெலிவரிக்கு ஐந்துக்கு நாலரை, பில்லுக்கு ஐந்துக்கு இரண்டு. நான் தொடர்ந்து பயன்படுத்தும் பன்னாட்டு எக்ஸ்பிரஸ் கூரியருக்கு என் மதிப்பெண் இதுதான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே நான் அலுத்துக்கொள்ளும் விஷயங்களில் பெரும்பாலானவை பெரிய கூரியர்கள் எல்லோரிடமும் இருப்பவை. பெயரை மாற்றினால் வண்டியின் நிறம்தான் மாறும்.

என் தொழிலைச் சொன்னால்தான் இந்த மதிப்பெண் புரியும். துணியிலும் கையால் செய்த காகிதத்திலும் லேம்ப் ஷேடு செய்து ஆன்லைனில் விற்கிறேன். கூடவே சுவரில் மாட்டும் அச்சுப் படங்கள். லேம்ப் ஷேடு என்றால் என்ன? ஒரு கம்பிச் சட்டம், அதைச் சுற்றிக் கொஞ்சம் துணி, நடுவில் முழுக்க வெற்றிடம். எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். கூரியர்காரர்களுக்கு இதைவிட லாபமான சரக்கு அமைவது கடினம்.

நல்லதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பார்சல் எங்கே இருக்கிறது என்று டிராக்கிங்கில் தெளிவாகத் தெரிகிறது. சொன்ன நாளில் போய்ச் சேர்கிறது. உடைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் எழுதுவது அரிது. எடுத்துப்போக வரும் ஊழியர்கள் பெட்டியைக் கவனமாகத்தான் தூக்குகிறார்கள். இந்த விஷயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பிரச்சினை பில்லில்தான். இணையதளத்தில் எடை, நீளம், அகலம், உயரம், இரண்டு பக்கத்து அஞ்சல் குறியீடு எல்லாம் போட்டால் ஒரு தொகை காட்டும். அதை விலை என்று நினைத்து வாடிக்கையாளரிடம் ஷிப்பிங் வாங்கிவிடுகிறோம். கூரியரின் கணக்கில் அது வெறும் மதிப்பீடு. பெட்டி அவர்களுடைய மையத்துக்குப் போனதும் கன்வேயர் மேல் ஓடும், மேலே கேமராவும் லேசரும் அதை அளக்கும், கீழே தராசு எடை பார்க்கும். நாம் போட்ட அளவும் இயந்திரம் பார்த்த அளவும் வேறாக இருந்தால் இயந்திரம் சொன்னதுதான் பில். வித்தியாசம் சில நாள் கழித்துத் தனி வரியாக வந்து நிற்கும். அதற்குள் வாடிக்கையாளர் ஷேடை மாட்டி விளக்கும் போட்டிருப்பார். அவரிடம் போய் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

இதில் பெரிய பங்கு வால்யூமெட்ரிக் வெயிட்டுக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஒரு எண்ணால் வகுத்தால் கிலோவில் வரும் கணக்கு எடை. எக்ஸ்பிரஸ் கூரியர்களில் அந்த எண் பெரும்பாலும் 5000. விமானச் சரக்கில் வழக்கமான கணக்கு 6000. சில தரைவழிச் சேவைகள் 4000 வரைக்கும் இறக்கிவிடுகின்றன. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது பெரியதோ அதற்குத்தான் கட்டணம்.

என் சதுர ஷேடு ஒன்று 40 × 40 × 35 பெட்டியில் போகும். பெருக்கினால் 56,000. 5000-ஆல் வகுத்தால் 11.2. அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் 11.5 கிலோ. தராசில் அந்தப் பெட்டி இரண்டு கிலோகூட இல்லை. இதே பெட்டிக்கு 6000 கணக்கு என்றால் 9.5 கிலோ, 4000 என்றால் 14 கிலோ. ஆக, இரண்டு கூரியர்களின் கிலோ விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. கிலோவுக்கு மலிவாகத் தெரிகிற நிறுவனம் சிறிய எண்ணால் வகுத்து அதை மீட்டுக்கொள்ளும். விலைப்பட்டியலைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அந்த வகுக்கும் எண்ணைத்தான். அது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

நியாயமா என்று கேட்டால், கொள்கையில் நியாயம்தான். விமானத்தில் எடைக்கும் வரம்பு உண்டு, இடத்துக்கும் வரம்பு உண்டு. என் ஷேடு அடைக்கிற இடத்தில் வேறொருவர் கைபேசிகளை அடுக்கியிருப்பார். முதலில் இது விமானச் சரக்கின் பழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் யூபிஎஸ் 2014 டிசம்பர் கடைசியிலும், ஃபெடெக்ஸ் 2015 ஜனவரியிலும் தரைவழியாகப் போகும் எல்லாப் பெட்டிகளுக்கும் இதை நீட்டின. அதுவரை மூன்று கன அடிக்குக் குறைந்த பெட்டிகள் தரைவழியில் தப்பித்துக்கொண்டிருந்தன. நியாயம் போதாமல் போவது அளக்கிற விதத்தில்.

இயந்திரம் பெட்டியின் மூலை விளிம்பை அளப்பதில்லை. எந்தப் புள்ளி அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவரை அளக்கும். உள்ளே குமிழித்தாளை அடைத்து மூடியதில் மேல்பக்கம் உப்பியிருந்தால் அந்த உப்பல் உயரத்தில் சேரும். பக்கம் கொஞ்சம் பிதுங்கினால் அது அகலத்தில் சேரும். ஒட்டாமல் எழும்பி நிற்கும் டேப்பின் மூலைக்குக்கூட வாய்ப்பு உண்டு. அதே 40 × 40 × 35 பெட்டி நீளத்திலும் அகலத்திலும் தலா ஒரு சென்டிமீட்டர் பிதுங்கி, மேலே இரண்டு சென்டிமீட்டர் உப்பினால் 41 × 41 × 37. கணக்கு 12.44 ஆகும், பில்லில் 12.5. உள்ளே ஒரு கிராம்கூட அதிகம் வைக்காமல் ஒரு கிலோ ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் இன்னொரு படி போய், ஒவ்வொரு பக்கத்திலும் அங்குலத்தின் பின்னம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அடுத்த முழு அங்குலத்துக்கு ஏற்றிவிடுகின்றன. முன்பு பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுவார்கள். இப்போது 11.1 அங்குலமும் 12தான்.

பெட்டி விற்கும் கடைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உள் அளவு. கூரியருக்கு வேண்டியது வெளி அளவு. இரட்டைச் சுவர் அட்டை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். மேல்மூடி இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிவதால் உயரம் இன்னும் கூடும். பெட்டியை மூடி, டேப் ஒட்டி, லேபிளும் ஒட்டியபிறகு அளப்பதுதான் ஒரே வழி. நான் சுவரோரம் ஒரு மரச்சட்டத்தை ‘எல்’ வடிவில் அடித்து அதில் அளவுகோல் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டியை மூலையில் தள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் இயந்திரம் பார்க்கிற அளவே எனக்கும் தெரிகிறது. தையல் டேப்பைச் சுற்றிப் பிடித்து எடுக்கும் அளவில் பிதுங்கல் சரியாகப் பிடிபடாது.

சரி, இதற்குத் தீர்வு? என் விஷயத்தில் தீர்வு கூரியரிடம் இல்லை, பொருளின் வடிவமைப்பில் இருந்தது. சதுர ஷேடின் சட்டத்தைக் கழற்றி மாட்டும்படி மாற்றினேன். நான்கு பக்கமும் நான்கு தனிப் பலகங்கள். வாங்குகிறவர் கொக்கியில் மாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இப்போது அது 40 × 36 × 6 பெட்டியில் தட்டையாகப் போகிறது. 8,640-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.73, பில்லில் 2 கிலோ. 11.5 கிலோவாக இருந்த பொருள் இது. கூம்பு வடிவ ஷேடுகளைக் கழற்ற முடியாது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகலாம். நடுவில் மெல்லிய தாள் வைத்து மூன்றை அடுக்கினால் 40 × 40 × 46-க்குள் அடங்கும், கணக்கு 14.72, கட்டணம் 15 கிலோவுக்கு. தனித்தனியாக 35 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் அனுப்பினால் மூன்று பதினொன்றரை, அதாவது முப்பத்துநாலரை. அதனால்தான் என் கடையில் கூம்பு ஷேடு மூன்று வாங்கினால் ஷிப்பிங் அந்த அளவுக்குக் குறையும். தாராளம் ஒன்றும் இல்லை, செருகியதால் மிச்சமான காற்று அது.

வடிவத்தை மாற்ற முடியாதவர்களுக்கு அடுத்த வழி பெட்டியின் உயரத்தை வெட்டுவது. நான்கு மூலையையும் பொருளின் உயரம்வரை கத்தியால் கீறி, பக்கங்களை உள்ளே மடித்தால் பெட்டி குட்டையாகிவிடும். பல உயரங்களில் மடிக்கக் கோடு போட்டே விற்கும் பெட்டிகளும் உண்டு. நான் வாங்கிப் பார்த்தவற்றில் கோடு போட்ட இடத்தில் அட்டை பலவீனமாக இருந்தது; கனமான பொருளுக்கு வேண்டாம், என் மாதிரி பஞ்சு எடைச் சரக்குக்குப் பரவாயில்லை. துணி, தலையணை உறை போன்றவை விற்கிறவர்கள் பெட்டியையே விட்டுவிட்டு பிளாஸ்டிக் உறைக்குப் போகலாம். உறையையும் இயந்திரம் அளக்கத்தான் செய்யும், ஆனால் அதற்குள் காற்று இருக்காது.

இந்தக் கூரியரைப் புத்தகம் விற்கும் என் நண்பர் ஒருவரும் பயன்படுத்துகிறார். என் புலம்பலைக் கேட்டுச் சிரிப்பார். அவருடைய பில்லில் இந்த வால்யூமெட்ரிக் கணக்கே வருவதில்லை. காரணம் எளிது. 5000 கணக்கில், ஒரு லிட்டர் இடத்தில் 200 கிராமுக்கு மேல் எடை இருந்தால் தராசு எடையே பெரியதாகிவிடும். புத்தகம் அதைத் தாராளமாகத் தாண்டும். உங்கள் சரக்கு லிட்டருக்கு 200 கிராமுக்குக் கீழே என்றால் நீங்கள் என் கட்சி, மேலே என்றால் அவர் கட்சி. கூரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொண்டால் விமர்சனம் படிக்கிற வேலையில் பாதி மிச்சம். என் இரண்டு மதிப்பெண்ணை அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பில்லில் ஃப்யூயல் சர்சார்ஜ் என்று வரும் எரிபொருள் கட்டணத்தைப் பலர் அரசு வரி மாதிரி நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது கூரியர் தானே போட்டுக்கொள்ளும் சதவீதம். எரிபொருள் விலைக் குறியீட்டோடு சேர்த்து ஏறி இறங்கும். சில நிறுவனங்கள் வாரத்துக்கு ஒருமுறை மாற்றும், சில மாதத்துக்கு ஒருமுறை. எந்த வாரம் எத்தனை சதவீதம் என்று இணையதளத்தில் அட்டவணை இருக்கும். நாம் அதைத் தவிர்க்க முடியாது. கவனிக்க வேண்டியது வேறு: அது அடிப்படைக் கட்டணத்தின் மேல் மட்டும் போடப்படுவதில்லை, பல உதிரிக் கட்டணங்களின் மேலும் சேர்த்துப் போடப்படுகிறது. பதினொன்றரைக் கிலோ என்று ஊதிய எடைக்கும் சதவீதம், வீட்டு முகவரிக் கட்டணத்துக்கும் சதவீதம். எரிபொருளோடு துளியும் தொடர்பில்லாத கட்டணங்களின் மேலும் எரிபொருள் சதவீதம் ஏறுவது எனக்கு இன்றுவரை எரிச்சல். பெட்டியைச் சுருக்கினால் இதுவும் கூடவே சுருங்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முகவரியால் வருகிற கட்டணங்கள் தனி ரகம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்று, தூரத்துப் பகுதி என்றால் ஒன்று, முகவரி தப்பு என்றால் ஒன்று. இதில் தூரத்துப் பகுதிப் பட்டியல்தான் வேடிக்கை. அது தூரத்தைப் பொறுத்ததே இல்லை, அந்த நிறுவனத்தின் வண்டி அடிக்கடி போகிற வழியைப் பொறுத்தது. பெரிய நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற அஞ்சல் குறியீடுகூட ஒரு கூரியரின் பட்டியலில் இருக்கும், இன்னொன்றின் பட்டியலில் இருக்காது. பட்டியலை இணையதளத்தில் குறியீடு போட்டுத் தேடலாம், இல்லாவிட்டால் மொத்தக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நான் இறக்கி வைத்திருக்கிறேன். ஆர்டர் வந்ததும் குறியீட்டைத் தேடிப் பார்ப்பேன். பட்டியலில் இருந்தால் அந்தப் பார்சல் இந்தக் கூரியரில் போகாது. அப்படிப்பட்ட இடங்களுக்குத் தபால்துறைதான் சரி. உலக அஞ்சல் ஒன்றியம் 1874-இல் தொடங்கியபோதே உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே அஞ்சல் பரப்பு என்று வைத்துக்கொண்டார்கள். எல்லா முகவரிக்கும் கொண்டுசேர்ப்பது தபாலின் கடமை. கூரியருக்கு அது வியாபாரம்.

வீட்டு முகவரிக் கட்டணத்தை விட்டு விலக, வாங்குகிறவர் ஒத்துக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் பார்சல் மையத்துக்கோ லாக்கருக்கோ அனுப்பலாம். முகவரித் திருத்தக் கட்டணம் முழுக்க நம் கையில் இருக்கிறது. அடுக்குமாடியில் வீட்டு எண் இல்லை, குறியீட்டில் ஒரு இலக்கம் மாறிவிட்டது, இவ்வளவுதான் பெரும்பாலும். ஆனால் அதற்குப் போடும் தொகையைப் பார்த்தால் யாரோ தெருத்தெருவாக நடந்து விசாரித்த மாதிரி இருக்கும். ஆர்டர் பக்கத்தில் வீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கட்டாயமாக்கினேன். அந்தக் கட்டணம் பில்லில் வருவது நின்றது.

வடிவத்துக்கும் கட்டணம் உண்டு. அச்சுப் படங்களைச் சுருட்டி உருளைக் குழாயில் போட்டு அனுப்புவது பழக்கம். குழாய் கன்வேயரில் உருளும், அதனால் உருளை வடிவத்தைத் தனிக் கையாளல் பட்டியலில் சேர்த்துவைத்திருக்கிற கூரியர்கள் உண்டு. வெறும் மரத்திலோ உலோகத்திலோ செய்த வெளிப்பெட்டிக்கும் இதே கதி. நீளமும் சேரும்: அமெரிக்காவில் யூபிஎஸ், ஃபெடெக்ஸ் விதிகளில் நீளமான பக்கம் 48 அங்குலம், அதாவது சுமார் 122 சென்டிமீட்டர் தாண்டினாலோ, இரண்டாவது நீளமான பக்கம் 30 அங்குலம் தாண்டினாலோ கூடுதல் கையாளல். அதற்கும் மேலே நீளத்தோடு சுற்றளவைக் கூட்டிப் பார்க்கிற இன்னொரு வரம்பு. சுற்றளவு என்றால் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குவது. இப்போது என் படங்கள் நீள்சதுர அட்டைப்பெட்டியில் போகின்றன. அழகு குறைவு, ஆனால் உருளாது.

வெளிநாட்டுப் பார்சலில் வாடிக்கையாளரைக் கோபப்படுத்துவது இதெல்லாம் இல்லை, கதவைத் தட்டி வசூலிக்கும் சுங்கம்தான். இங்கே இரண்டு ஏற்பாடு உண்டு. டிஏபி என்றால் சுங்கமும் வரியும் வாங்குகிறவர் பொறுப்பு. டிடிபி என்றால் அனுப்புகிறவர் பொறுப்பு. லேபிள் போடும் பக்கத்தில் இது ஒரு சின்னத் தேர்வாக இருக்கும், தொடாவிட்டால் டிஏபி. நிறையப் பேருக்குத் தெரியாதது, வரியைக் கூரியர் முன்கூட்டிக் கட்டிவிட்டு அதற்குத் தனியாக ஒரு கட்டணம் போடும். கட்டிய தொகையில் இவ்வளவு சதவீதம், அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு, எது அதிகமோ அது. சின்னப் பொருளுக்கு வரியைவிட இந்தக் கட்டணம் பெரியதாகிவிடும். வாங்குகிறவர் அதை என் ஏமாற்று வேலை என்றுதான் நினைப்பார்.

முன்பெல்லாம் சின்னப் பார்சல்கள் வரி வரம்புக்குக் கீழே நழுவிப்போகும். அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் இருந்த சுங்க விலக்கை எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்தியது. அந்த வாரத்தில் பல நாட்டுத் தபால்துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே தற்காலிகமாக நிறுத்திவைத்தன. இந்த இடத்தில் என் கூரியருக்கு முழுப் பாராட்டு. அவர்களுடைய பார்சல் போய்க்கொண்டே இருந்தது, வரி மதிப்பீடும் லேபிள் போடும்போதே காட்டினார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்க ஆர்டர்கள் எல்லாம் டிடிபி. வரியை விலையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதா வேண்டாமா என்று அவர் முதலிலேயே முடிவுசெய்துகொள்ளலாம்.

ஐரோப்பாவுக்கு விற்கிறவர்கள் சந்தைத்தளம் வழியாக விற்றால் ஐஓஎஸ்எஸ் எண் (விற்கும்போதே வாட் வசூலித்ததைக் காட்டும் பதிவு எண்) லேபிள் தகவலில் மின்னணு முறையில் போகிறதா என்று பார்க்க வேண்டும். விலைச்சீட்டில் கையால் எழுதினால் போதாது. எண் போகாவிட்டால் கடையில் ஒருமுறை கட்டிய வாட்டை வாசலில் மறுபடி கேட்பார்கள்.

இதில் இன்னொரு கண்ணி. பல நாடுகளில் சுங்க மதிப்பு என்பது பொருளின் விலையோடு போக்குவரத்தையும் காப்பீட்டையும் சேர்த்தது. அமெரிக்கா போன்ற சில நாடுகள் மட்டும் சர்வதேசப் போக்குவரத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே சேர்க்கிற நாடுகளில், பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு நான் கட்டுகிற கூரியர் கட்டணத்தின் மேலும் வாங்குகிறவர் சுங்கம் கட்டுகிறார். பெட்டியைத் தட்டையாக்கியதில் அவருக்கும் மிச்சம் என்பது பிறகுதான் உறைத்தது.

பொருள் விவரத்தில் ‘கிஃப்ட்’, ‘கைவினை’ என்று ஒற்றைச் சொல் எழுதினால் சுங்கத்தில் நின்றுவிடும், நிற்கும் நாளுக்கு சேமிப்புக் கட்டணம் ஓடலாம். “பருத்தித் துணி லேம்ப் ஷேடு, இரும்புச் சட்டம், மின்பாகம் இல்லை” என்று எழுதி, 9405-இல் தொடங்கும் எச்எஸ் குறியீட்டையும், அதாவது சுங்கத்துக்கான பொருள் வகை எண்ணையும் போட்டால் போய்விடுகிறது. அந்தக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் உலகமெங்கும் ஒன்றுதான். மீதியை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்கிறது. விலையைக் குறைத்துப் போடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் வருவார்கள். செய்வதில்லை. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு.

இழப்பீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விமானச் சரக்கு தொலைந்தால் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாண்ட்ரீல் உடன்படிக்கை கிலோ கணக்கில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இந்தக் கிலோ தராசுக் கிலோ. கட்டணம் வாங்கும்போது பதினொன்றரைக் கிலோவாக இருந்த என் ஷேடு, தொலைந்தால் இரண்டு கிலோகூட இல்லாத ஷேடு. அதனால் விலை உயர்ந்த ஷேடுகளுக்கு மட்டும் மதிப்பைக் காட்டிக் கூடுதல் பாதுகாப்பு வாங்குகிறேன், மற்றவற்றுக்கு அந்தக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுகிறேன். லேபிள் பக்கத்தில் இப்படித் தானாக டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: கையெழுத்து வாங்கித் தருவது, சனிக்கிழமை டெலிவரி, வீட்டுக்கே வந்து எடுத்துப்போவது. கடைசியாகச் சொன்னதை மையத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துத் தவிர்க்கிறேன். அக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும் கூட்ட நெரிசல் கட்டணம் வேறு உண்டு. பெரிய பெட்டிகளைத்தான் அது அதிகம் பதம் பார்க்கும்.

வாடிக்கையாளர் சேவைக்கு வருவோம். பில்லை எதிர்த்துக் கேட்டால் மரியாதையாகப் பேசுகிறார்கள். உரையாடல் ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் ஓடும்:

“மேடம், சிஸ்டத்துல 46 சென்டிமீட்டர்னு வந்திருக்கு.”

“இது ஆறு சென்டிமீட்டர் உயரப் பெட்டிங்க. தட்டையா இருக்கும்.”

“பெட்டி மேல வேற பெட்டி உக்காந்து ஸ்கேன் ஆகியிருக்கலாம் மேடம். போட்டோ இருந்தா அனுப்புங்க, ஆடிட்டுக்குப் போடறேன்.”

போட்டோ இருந்தது, அந்தத் தொகை திரும்ப வந்தது. இன்னொருமுறை இதேபோல் அனுப்பியும் ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அளவுகோல் பக்கத்தில் இருக்க, லேபிள் எண் தெரிய, மூன்று பக்கமும் தனித்தனிப் படம்: இதுதான் அவர்கள் கேட்பது. முறையிடுவதற்கு நாள் கெடு உண்டு, அது பில் தேதியிலிருந்து ஓடும். அதனால் மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்க்காமல் பில் வந்ததும் பார்க்கிறேன். எனக்குப் புரியாதது, அவர்களுடைய இயந்திரம் ஒவ்வொரு பெட்டியையும் கேமராவில்தான் பார்க்கிறது. அந்தப் படத்தைப் பில்லோடு இணைத்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி கிடையாது. கேட்டேன். அப்படி வசதி இல்லை மேடம் என்றார்கள். பில்லுக்கு இரண்டு மதிப்பெண் போட்டதற்கு முக்கியக் காரணம் இந்தப் பதில்தான்.

நடுவில், வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. “உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு தொகை ஷிப்பிங் கட்டணம் பாக்கி” என்று லிங்க்கோடு வருகிற குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். உண்மையான பாக்கி இருந்தால் டிராக்கிங் எண்ணை நீங்களே கூரியரின் தளத்தில் அடித்தால் தெரியும். தொகை சின்னதாக இருப்பதே தூண்டில். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்டு எண். ஷிப்பிங்கில் எல்லோரும் ஏதாவது உதிரிக் கட்டணம் கேட்டுப் பழக்கிவிட்டதால் இந்த மோசடி இவ்வளவு எளிதாக எடுபடுகிறது.

யாருக்கு இந்தச் சேவை சரிவரும்? சிறிய, கனமான, விலை உயர்ந்த பொருள் விற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். பெரிய, லேசான, மலிவான பொருள் என்றால் முதலில் பெட்டியைச் சரிசெய்யுங்கள், பிறகு கணக்குத் தொடங்குங்கள். மாதத்தில் நாலைந்து பார்சல்தான் என்றால் நேரடிக் கணக்கைவிடப் பல கூரியர்களை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் அடிப்படை விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே எடை வித்தியாசம் வந்தால் முன்பணத்திலிருந்து நேராகக் கழித்துவிட்டுத்தான் சொல்வார்கள், முறையீடும் இரண்டு கை மாறிப் போகும்.

நான் இப்போதைக்குப் பிரித்து வைத்திருக்கிறேன். தட்டையாகப் போகும் ஷேடுகளும் டிடிபி ஆர்டர்களும் இந்தக் கூரியரில். தூரத்துப் பட்டியலில் உள்ள முகவரிகள், அவசரமில்லாத அச்சுப் படங்கள் தபாலில். ஒற்றைக் கூம்பு ஷேடை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்களுக்குச் சதுர ஷேடின் படத்தை அனுப்புகிறேன், பெரும்பாலும் அதையே வாங்கிக்கொள்கிறார்கள்.